வஞ்சிரத் தலை

ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிரே, கோணிப் பந்தலின் கீழ் ஒரு பெண் சோறும் மீன் குழம்பும் விற்கிறாள். ரங்கூன் கப்பல் புறப்பட இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. நல்ல காப்பி கிளப் எங்கே என்று விசாரித்து அலுத்துப்போன எனக்கு, இந்த வாசனையைத் தாண்டிப் போக மனமில்லை.

புதுத் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறேன். பக்கத்தில் வஞ்சிரத் தலையை உறிஞ்சிக்கொண்டிருப்பவர், கப்பலேறப் போகிறவர்களுக்கு இவள் மீன் போடுவதில்லை என்று காதோடு சொல்கிறார்.

"கப்பலுக்குப் போறியா, எறங்கி வர்றியா?" என்கிறாள் அவள்.

"இறங்கி வருகிறேன்" என்று கூசாமல் சொல்கிறேன்.

அவள் என் பெட்டியைப் பார்க்கிறாள்.

"பொய் சொல்லாத நைனா. ரங்கூன்லேர்ந்து வந்த பொட்டி இம்மாம் பளபளன்னா கீது? மீனத் துன்னுட்டுக் கப்பல்ல வாந்தியெடுப்ப. அப்பறம் ராயபுரத்துக்காரி கெட்டுப்போனதப் போட்டுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிவ. கஞ்சியக் குடி."

கஞ்சி வருகிறது, தொட்டுக்கொள்ள நாரத்தங்காய் ஊறுகாயோடு. கோபத்தோடுதான் குடிக்கிறேன். உப்பு சரியாக இருப்பது கோபத்தை இன்னும் கிளப்புகிறது.

"திரும்பி வந்தால் மீன் உண்டா?"

"பொட்டி நசுங்கி வரட்டும். தலையே உனுக்குத்தான்."

எழுந்து பெட்டியைத் தூக்குகிறேன். கை நழுவி அது கல்லில் மோதுகிறது. ஒரு மூலை ஒடுங்கிப்போகிறது.

"இன்னா நைனா," என்று சிரிக்கிறாள், "அதுக்குள்ள வந்துட்டியா?"