ஜாடிக்கு ஐந்நூறு

வாண்டா குருப்சாக் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எங்கள் ஓஹியோ ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள், நானும்தான். ஓய்வு பெற்றபின் வீட்டிலேயே கருப்பு ராஸ்பெர்ரி ஜாம் காய்ச்சி, சனிக்கிழமைச் சந்தையில் ஜாடி ஆறு டாலருக்கு விற்றாள்.

வீட்டில் செய்து விற்கும் பண்டத்தின் லேபிளில் சட்டப்படி செய்தவர் முகவரி இருந்தாக வேண்டும். வாண்டா எழுதியதோ, 'வாண்டா செஞ்சது. வீடுதான் தெரியுமே!' எங்கள் ஊரில் யாருக்குத் தெரியாது?

கவுண்டிக்கு, அதாவது எங்கள் மாவட்டத்துக்கு, புதிதாக வந்த உணவு அதிகாரிக்குத் தெரியவில்லை. எத்தனை ஜாடி விற்றது என்று கேட்டார். தினமும் பிள்ளைகளைத் தலை எண்ணி ஏற்றியவளாயிற்றே, வாங்கியவர் பெயரோடு மூன்று வருடக் கணக்கையும் எழுதி வைத்திருந்தாள். பெருமையாக நோட்டை நீட்டினாள்.

"ஆயிரத்து இருநூத்திப் பதினாலு!"

ஜாடிக்கு ஒரு குற்றம், குற்றத்துக்கு ஐந்நூறு டாலர் அபராதம். ஆக மொத்தம் ஆறு லட்சத்து ஏழாயிரம்! கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். அந்த வீடு தொண்ணூறாயிரம்கூடப் பெறாது. நான் அவளிடம் கத்தினேன்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"பொய் சொல்லச் சொல்றியா? சின்ன வயசுல பொய் சொன்னதுக்குத்தானே உன்னை பஸ்ஸுல முன் சீட்டுலயே உக்கார வெச்சேன்!" என்று சிரித்தாள்.

நீதிமன்றத்துக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். 'ஒவ்வொரு ஜாடிக்கும்' என்று சட்டத்தில் இருப்பதாகக் கவுண்டி வக்கீல் மூன்று முறை வாசித்தார்.

"சரிப்பா, சாப்பிட்ட யாருக்காவது உடம்புக்கு வந்துச்சா?" என்றார் நீதிபதி ஆர்லீன் விட்மர்.

"இல்லைங்க மேடம்."

"மூணு வருஷத்துல இவங்க எவ்வளவு காசு பார்த்தாங்க?"

"ஏழாயிரத்துச் சொச்சம்."

"ஒரு ஜாடிக்கு ஐந்நூறுன்னா நான் தடுக்க மாட்டேன். ஆனா பெருக்கிக்கிட்டே போய் ஒரு லேபிளுக்காக ஒருத்தர் வீட்டையே பிடுங்கினா, அதுக்குப் பேரு அபராதம் இல்லை. அரசாங்கம் தண்டிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு, அரசியல் சாசனம் அதைத்தான் சொல்லுது. ரெண்டாயிரம் கட்டட்டும். முகவரி போட்டு விக்கட்டும்."

வாண்டா எழுந்தாள். "அப்போ வீடு?"

"உங்க வீடு உங்களுக்குத்தாம்மா."

பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்கள் நாங்கள் கைதட்டினோம். வாண்டா பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ஒருவழியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே. போன வாரமே பாத்திரம், துணி எல்லாத்தையும் பெட்டியில கட்டிட்டேன். வந்து பிரிச்சுக் குடு."