கிடங்குக் காவலர் திங் பௌலின்

எங்கள் ஷென்யாங்கில் ஆலைகளை இழுத்து மூடியபோது ஒரு பயலும் எட்டிப் பார்க்கவில்லை. இப்போது என்னடாவென்றால், வேலை போன எங்கள் ஊர் அப்பாக்களைப் பற்றிப் பெய்ஜிங் பிள்ளைகள் கதை படித்து, படம் பார்த்து, மூக்கைச் சிந்துகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். ஆனால் திங் பௌலின் அண்ணன் விஷயத்தில் என் வாய் அடைத்துப் போனது.

பம்பு ஆலையில் கடைசல் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். ஆலை மூடியபின், நான் கல்லாவில் உட்காரும் வசந்த ஊற்று என்ற பொதுக் குளியலகத்துக்கு, குளிக்க வருகிறவர்களின் முதுகு தேய்க்க வந்தார். மனைவி இல்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள், யான்.

"மெஷின் தொட்ட கையால அடுத்தவன் அழுக்கை உருட்டுறேன்னு பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது, ஃபெங்சியா?" என்பார் என்னிடம். குளிர்பதனக் கிடங்கில் காவல் வேலை என்று அவளிடம் புளுகி வைத்திருந்தார். கிடங்கின் நம்பர் என்று கொடுத்தது என் கல்லாவிலிருந்த போன் நம்பரை!

"அத்தை, அப்பா இருக்காரா? பின்னாடி என்ன தண்ணி சத்தம்?"

"ஐஸ் உருகுதுடி கண்ணு."

வெட்கமில்லாமல் நானும் சொல்வேன். வேலை முடிந்து தலைமுடி நன்றாகக் காயும்வரை கொதிகலன் அறையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குக் கிளம்புவார்.

தேய்ப்பதில் மனிதர் ராஜா. அவரை ஆலையிலிருந்து அனுப்பிய பட்டறைத் தலைவர் வெய் வந்து குப்புறப் படுத்தாலும், மற்றவர்களுக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும். நானாக இருந்தால் தோலை உரித்திருப்பேன்.

யான் வளர்ந்து, பெய்ஜிங் போய், எழுத்தாளர் ஆனாள். அவளுடைய சிறுகதை ஒன்று படமாகி எங்கள் ஊருக்கே வந்தது. வேலை போன ஓர் அப்பாவின் கதை. கூட்டாளிகள் எல்லாருக்கும் சேர்த்து அப்பாவுக்கு ஒரு கட்டு டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

"ஹீரோ! என் முதுகும் படத்துல வருதா?" என்றார் வெய், படுத்தபடியே.

"வந்திருந்தா சென்சார்ல வெட்டியிருப்பாங்க."

சொல்லிவிட்டு அண்ணன் முதுகில் ஒன்று வைத்தார். அப்படித் தட்டினால் புரண்டு படு என்று பொருள். அன்றைக்குக் கொஞ்சம் பலமாகவே விழுந்தது, என் கல்லாவரை கேட்டது.

ஆனால் கல்லாவுக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் வரல ஃபெங்சியா. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருந்து, அதையே எழுதியிருந்தா? ஊரே திரையில பார்க்கும். அப்புறம் அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பெத்த பொண்ணு கூப்பிட்டும் போகலேன்னாதான் முழிக்க முடியாது. போய்ச் சட்டையை மாத்துங்க!"

இழுத்துக்கொண்டுதான் போனேன். திரையில் வந்த அப்பா கிடங்குக் காவலர். அண்ணன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "தப்பிச்சிட்டய்யா," என்று கிசுகிசுத்தார் வெய்.

பிறகு அந்தக் காட்சி. பனியில் நடந்து அப்பா வீடு திரும்புகிறார். சின்னப் பெண் அவர் கையுறையைக் கழற்றுகிறாள். விரல்கள் திரை முழுக்கத் தெரிகின்றன. நாளெல்லாம் தண்ணீரில் ஊறி, வெளுத்து, சுருங்கிப்போன விரல்கள்.

"காவல்காரன் கை ஏன் இப்படி ஊறியிருக்கு? மேக்கப்காரன் கோட்டை விட்டுட்டான்," என்றான் பின்னால் ஒருவன்.

எங்கள் வரிசையில் எல்லாரும் அண்ணனின் கைகளைத்தான் பார்த்தோம். திரையில் அந்தப் பெண், சிப்பியில் அடைத்து விற்கும் களிம்பை ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டே கேட்டாள்: "கிடங்குல ரொம்பக் குளிராப்பா?"

அண்ணன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

படம் முடிந்து வெளியே வந்தால், இயக்குநரோடு யான் நின்றிருந்தாள்.

"இவர் எங்கப்பா," என்றாள் அவரிடம். "குளிர்பதனக் கிடங்குல..."

"முதுகு தேய்க்கிறேன் தம்பி." அண்ணன் கைகளை வெளியே எடுத்து நீட்டினார். "வசந்த ஊற்றுல. ஆலை மூடின வருஷத்துலேர்ந்து அங்கதான்."

யான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"படத்துலகூட நான் சொல்லலப்பா. நீங்களே சொல்லணும்னுதான் இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டிருந்தேன்."

அவர்கள் இருவரும் அழவில்லை. நான்தான் வெய்யின் தோளில் சாய்ந்து, அவர் சட்டை நனைய அழுதேன்.