அங்கம்மாள் மைக்கைப் பிடுங்கிய கதை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பெல்ஹாம் தேயிலைக் கம்பெனியின் கிடங்கு இருந்த காலத்தில், அதன் பாக்கிங் ஹாலில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் அங்கம்மாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். புருஷன் கப்பலில் சரக்கு இறக்கும்போது விழுந்து செத்துப்போனான். அதற்கு அடுத்த மாசமே அவள் கிடங்கு வேலைக்குப் போய்விட்டாள். தேயிலையில் காம்பு பொறுக்குவது, பெட்டியில் நிரப்புவது, ஈயத்தாளை மடித்து மூடுவது, இதுதான் வேலை. நாள் முழுக்கத் தூசி பறக்கும். பெண்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு கண்கள் மட்டும் தெரிய நிற்பார்கள்.

அவள் கோபக்காரி என்பது ஊருக்கே தெரியும். ஹாலில் பெண்களுக்கு இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. வேலை கெடுகிறது என்று மேஸ்திரி அதற்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி அவனிடம் கெஞ்சிக்கொண்டு நிற்பதை அங்கம்மாள் பார்த்தாள். பெட்டிக்கு ஆணி அடிக்கும் சுத்தியலை எடுத்துப் போய்ப் பூட்டை உடைத்தாள். உடைந்த பூட்டை அவன் மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்து காம்பு பொறுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அங்கே யாரும் பூட்டுப் போடவில்லை.

நான் அரண்மனை ரோட்டில் பாடப்புத்தகக் கடை வைத்திருந்தேன். பெயர் வெங்கிடேஸ்வரன். அவள் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவாள். நான் எழுதுவதில் பாதி நேரில் பார்த்தது, பாதி அவள் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து கத்தியபோது கேட்டது.

எழுபத்தாறில் அவள் ஓய்வு பெற்றாள். மறு வருஷம் பெல்ஹாம் ஓய்வுபெற்றோர் சங்கம் ஆரம்பித்தார்கள். தலைவர் சிவசங்கரன், வீட்டில் தமிழ் பேசும் பிராமணர், கணக்குப் பிரிவில் பெரிய பதவியில் இருந்தவர். ஆபீசர்கள், குமாஸ்தாக்கள், சுமைக்காரர்கள், பாக்கிங் பெண்கள் எல்லோரும் ஒரே சங்கம். சந்தா போட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், சீருடை வாங்கித் தருவது, சுள்ளிக்கல்லில் இருந்த அநாதை முதியோர் விடுதிக்கு அரிசி கொடுப்பது, கண் ஆபரேஷனுக்கு உதவுவது என்று வேலைகள். அங்கம்மாள் வராமல் பாக்கிங் பெண்கள் வரமாட்டார்கள் என்பதால் சிவசங்கரன் அவளைக் கமிட்டியில் சேர்த்துக்கொண்டார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. சனிக்கிழமை தோறும் சுள்ளிக்கல் போய்ச் சமையல்கட்டில் நின்று, அங்கே இருந்த கிழவிகளைத் திட்டித் திட்டிச் சாப்பிட வைப்பாள். அவர்கள் அவள் எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

எழுபத்தொன்பதில் அவள் தெருப் பிள்ளை ஒருத்தியின் பெயரைக் கமிட்டியில் சொன்னாள். வீரலட்சுமி, பத்தாம் வகுப்புக்குப் போகிறவள். வகுப்பில் முதல் மாணவி. அம்மா பேச்சியம்மாள் குஜராத்தி ரோட்டில் மூன்று வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவள். கமிட்டியில் நிறையப் பெயர்கள் வந்ததால், இந்தப் பெண்ணுக்கு என்ன அவ்வளவு கஷ்டம் என்று சிவசங்கரன் கேட்டார். அங்கம்மாள் உள்ளதைச் சொன்னாள். அப்பா சங்கிலிப்பாண்டி ஒரு மளிகைக் கிடங்கில் திருடியதற்காகக் கண்ணூர் ஜெயிலில் இருந்தான். அது தெருவில் நாலு வீட்டுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெண் அப்பா பம்பாயில் வேலையில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாள். பெயர் தேர்வாகிவிட்டது.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விழா. நல்ல மழை. கம்பெனி பிடித்துக் கொடுத்த மண்டபம், கம்பெனி மேனேஜர்கள் முன்வரிசையில், போட்டோ எடுக்க ஆள், எல்லாம் இருந்தது. நோட்டுப் புத்தகக் கட்டுகளைக் கொடுத்தவன் என்பதால் நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். சிவசங்கரனுக்கு நல்ல குரல். மலையாளத்தில் மைக்கில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அதன் வீட்டுக் கஷ்டத்தை உருக்கமாகச் சொல்லி, மேடையில் நிறுத்தி, நோட்டுக் கட்டைக் கொடுத்துப் படம் எடுக்க வைத்தார். முந்தின வருஷங்களிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு பிள்ளைக்கு அப்பா இல்லை, ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு டிபி. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

வீரலட்சுமி மேடையேறியதும், தந்தை திருட்டுக் குற்றத்துக்காகக் கண்ணூர் சிறையில் இருக்கிறார், தாய் எச்சில் பாத்திரம் கழுவிப் பிழைக்கிறார், இருந்தும் இந்தச் சேற்றில் ஒரு தாமரை என்று சொன்னார். மண்டபம் கைதட்டியது. அவளோடு படிக்கும் பெண்கள் மூன்று பேர் அதே மேடையில் தங்கள் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் போட்டோக்காரரைப் பார்க்கவில்லை, தரையையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் அங்கம்மாள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று தேடிப் பிடித்து, அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் பள்ளிக்கூட வாசலிலேயே ஆரம்பித்துவிட்டது. "ஜெயில்காரன்டெ மோள்" என்று, ஜெயில்காரன் மகள் என்று, ஒரு பையன் கூப்பிட்டான், பிறகு வகுப்பே கூப்பிட்டது. ஒரு வாரம் போனாள். அப்புறம் போகவில்லை.

பேச்சியம்மாள் நோட்டுக் கட்டையும் சீருடைத் துணியையும் கொண்டுவந்து அங்கம்மாள் வீட்டுத் திண்ணையில் வைத்தாள்.

"நீ குடுத்தத நீயே வச்சுக்கோ அக்கா. எம்மக இனிமே படிக்கமாட்டாளாம். இறால் உரிக்கிற செம்மீன் ஷெட்டுக்கு வேலைக்குப் போறாளாம்."

அங்கம்மாள் செருப்புகூடப் போடாமல் அவர்கள் வீட்டுக்கு ஓடினாள். வீரலட்சுமி உள்ளே கதவோரம் நின்றிருந்தாள்.

"மோளே, அந்த மனுசன் ஜெயில் விசயத்தையும் மேடையில சொல்வான்னு நான் நினைக்கலடி."

"அவருக்கு எங்கப்பா யாருன்னு எப்படித் தெரியும் பெரியம்மா? நீங்கதானே சொன்னீங்க."

"ஒனக்குக் கிடைக்கணும்னுதானே சொன்னேன்."

"கிடைச்சிருச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு. மதி, போதும். போங்க."

நேராக என் கடைக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. கல்லா மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், சாமி, சங்கத்துக்கு என்கூட வாங்க, எனக்கு மலையாளத்துல மரியாதையாப் பேச வராது, அங்க யாராச்சும் வேணும் என்றாள்.

கமிட்டி கூடியிருந்தது. சிவசங்கரன் அவளை உட்காரச் சொன்னார். அவள் நின்றபடியே நடந்ததைச் சொன்னாள். அவர் முகம் வாடியது உண்மைதான். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வாயைத் திறந்ததும் வேறு மாதிரி வந்தது.

"பாவம், நேக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா அங்கம்மா, சொல்லாட்டா யார் குடுப்பா? கஷ்டம் என்னன்னு தெரிஞ்சாத்தானே கொடுக்கறவாளுக்கு மனசு எளகும். கம்பெனிக்காரா பத்திரிகைல போட விவரம் கேக்கறா. நாம நல்லதுக்குத்தானே பண்றோம்."

"நல்லது பண்ணி ஒரு பிள்ளை படிப்ப நிறுத்தியாச்சு."

"அது அந்தப் பெண்ணோட பிடிவாதம். இன்னும் கொஞ்சம் தைரியமா இருந்திருக்கணும்."

"பதினஞ்சு வயசுப் பிள்ளை தைரியமா இருக்கணும். கைதட்டினவங்க வெக்கமே இல்லாம இருக்கலாம். அப்படித்தானே?"

யாரோ ஒரு குமாஸ்தா, பெண்கள் சந்தா மொத்தச் சந்தாவில் எவ்வளவு, அதற்கு இவ்வளவு பேச்சா என்று முணுமுணுத்தார். அங்கம்மாளுக்கு அது கேட்டது. அவரைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த விழாவில் விவரம் வாசிக்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். யோசிக்கலாம் என்றார்கள். அந்த வருஷம் முழுவதும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டாள். ஒவ்வொரு கூட்டத்திலும் யோசிக்கலாம் என்றார்கள்.

எண்பது ஜூன். அதே மண்டபம், அதே முன்வரிசை. சிவசங்கரன் முதல் பிள்ளையைக் கூப்பிட்டார். ஏழாம் வகுப்புப் பெண், மாயம்மாள் என்று பெயர். புதுச் சட்டையில் மடிப்பு கலையாமல் நின்றது அது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்தக் குழந்தையின் தாய், என்று ஆரம்பித்தார்.

அங்கம்மாள் படியேறினாள். மெதுவாகத்தான் ஏறினாள், முழங்கால் வலி அவளுக்கு. எல்லோரும் நோட்டை எடுத்துக் கொடுக்க வருகிறாள் என்று நினைத்தார்கள். நேராகப் போய் மைக்கைப் பிடுங்கினாள். அது கீச்சென்று கத்தியது.

"இந்தப் பிள்ளையோட அம்மா யாரு, என்ன ஆனான்னு இங்க யாரும் பறைய வேண்டா" என்றாள். மலையாளமும் தமிழும் கலந்து வந்தது. "நோட்டு வாங்க வந்த பிள்ளைய எதுக்கு இங்க நிறுத்தி உரிக்கிறீங்க?"

"அங்கம்மா, கீழ எறங்கு" என்றார் சிவசங்கரன் தணிந்த குரலில். "இது உன்னோட பாக்கிங் ஹால் இல்லே. கெஸ்ட் எல்லாம் ஒக்காந்திருக்கா."

அவர் தணிந்து சொன்னதுகூட மைக்கில் கேட்டது.

"ஆமா, பாக்கிங் ஹால் இல்ல. அங்க நாங்க மூஞ்சிய மூடிக்கிட்டு நின்னோம். இங்க பிள்ளைங்களுக்கு மூட ஒரு துணிகூட நீங்க குடுக்கல." முன்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "போன வருஷம் ஒரு பிள்ளையோட கதைய நான் கமிட்டியில சொன்னேன். ஊருகிட்டச் சொல்லல. இவங்க ஊருகிட்டச் சொன்னாங்க, நீங்க கைதட்டினீங்க. அந்தப் பிள்ளை இன்னைக்குத் தோப்பும்படியில செம்மீன் தோலு உரிச்சுக்கிட்டு இருக்கு. கைதட்டினவங்க யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

அவள் மைக்கை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மாயம்மாள் கையில் நோட்டுக் கட்டைக் கொடுத்து, போ மோளே, போய் உக்காரு என்றாள். பிறகு மற்றக் கட்டுகளையும் எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பாக்கிங் பெண்கள் எழுந்து வந்து கூடச் சேர்ந்துகொண்டார்கள். போட்டோக்காரர் எதை எடுப்பது என்று தெரியாமல் காமிராவைக் கீழே இறக்கினார். மேனேஜர்கள் மழையில் குடையைத் தேடிக்கொண்டு கிளம்பிப் போனார்கள்.

ஒழுங்கீனம் என்று அவளைச் சங்கத்தை விட்டு நீக்கினார்கள். அவளோடு பாக்கிங் பெண்கள் அத்தனை பேரும், சுமைக்காரர்களில் பாதிப்பேரும் வெளியே வந்தார்கள். பெயர் இல்லாமல், பலகை இல்லாமல் தனியாக ஒரு கூட்டம் ஆரம்பித்தார்கள். அதற்கு என் கடைதான் இடம். பிள்ளைகள் கடைக்கு வந்து வேண்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவார்கள், இவர்கள் மாசக் கடைசியில் என்னிடம் கணக்கைத் தீர்ப்பார்கள். காசு கொடுத்து வாங்கும் பிள்ளைகளும் இந்தப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றார்கள். யார் எவர் என்று எனக்கும் அங்கம்மாளுக்கும் மட்டும்தான் தெரியும். ஆரம்பத்தில் நான் சங்கத்துக்குச் செய்த பழக்கத்தில் நோட்டு அட்டையில் "இலவசம்" என்று ஊதா மையில் முத்திரை குத்தி வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு அவள் எனக்குக் கொடுத்த வசவை இங்கே எழுத முடியாது. அட்டைகள் எல்லாவற்றையும் மாற்றினேன். சுள்ளிக்கல் விடுதிக்கு மட்டும் பழையபடி இரண்டு கூட்டத்திலிருந்தும் அரிசி போயிற்று. அங்கே கிழவிகள் அங்கம்மாளைத்தான் தேடினார்கள்.

இவ்வளவு செய்தும் அவள் மனசு ஆறவில்லை. தோப்பும்படி ஷெட்டுக்குப் பலமுறை போனாள். அவள் வருவது தெரிந்தால் வீரலட்சுமி பின்பக்கமாகப் போய்விடுவாள். எண்பத்து மூன்றில் ஒருநாள் அவளே நின்று பேசினாள். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாளாம்.

"நீங்க மைக்கப் பிடுங்கினத எல்லாரும் சொன்னாங்க பெரியம்மா. நல்லா இருந்துச்சு கேக்க. ஆனா அது அடுத்த வருஷப் பிள்ளைக்கு. எனக்கு இல்ல."

"இப்பயும் படிக்கலாம்டி. தனியா எழுதலாம். நான் எல்லாம் பாத்துக்கிறேன்."

"வேண்டா. உங்கமேல இப்பக் கோபம் இல்ல. ஆனா யாருகிட்டயும் எதுவும் வாங்க எனக்கு இனிமே கை நீளாது."

அதைச் சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அங்கம்மாள் என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வரவழைத்த சாயா ஆறிப்போனது.

"அவ சொல்றது சரி சாமி. சரியா இருக்கிறதுதான் எனக்குப் பொறுக்கல. பொய்யா இருந்தா சண்டை போட்டிருப்பேன்."

வீரலட்சுமி அடுத்த வருஷம் கல்யாணமாகி வைப்பின் தீவுப் பக்கம் போய்விட்டாள். பரீட்சை எழுதவில்லை.

அந்த வருஷம் மே மாசம் சிவசங்கரன் என் கடைக்கு வந்தார். வயசாகிவிட்டது, கம்பு ஊன்றி வந்தார். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"இந்த வருஷத்துலேர்ந்து விவரம் ஒண்ணும் வாசிக்கப் போறதில்லே. பேர் மட்டும்தான். அவகிட்ட சொல்லிடுங்கோ."

நானும் சந்தோஷமாகப் போய்ச் சொன்னேன். அவள் சுள்ளிக்கல்லுக்குக் கொண்டுபோக அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"பேரு மட்டும் எதுக்கு வாசிக்கணும்னு கேட்டுட்டு வாங்க."

போய்க் கேட்டேன். சிவசங்கரன், அப்போ விழான்னு ஒண்ணு எதுக்கு, என்று என்னையே கேட்டார். அதை அவளிடம் வந்து சொன்னேன்.

"அதத்தானே நானும் கேக்கிறேன்" என்றாள் அங்கம்மாள்.

அந்த ஜூனில் மண்டபத்தில் பெயர் வாசித்தார்கள், படம் எடுத்தார்கள். அவள் எண்பத்தெட்டில் சாகும்வரை அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளைகள் என் கடைக்கு வந்து புத்தகம் வாங்கிப் போவது அவளுக்குப் பிறகும் நிற்கவில்லை. பாக்கிங் பெண்கள் நிற்கவிடவில்லை.