ஏழரைக்காரரும் ஆறாம் பாகமும்

ஒரே பொருளின் ஆறாவது வடிவத்தைக் கையில் எடுக்கும் மனிதன் பார்ப்பது அந்த ஆறாவதையா, அதற்கு முன் பார்த்த ஐந்தையா? அந்த விமர்சகரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்காது. அவருக்கு மட்டும் நெடுநாள் எழவில்லை. அவர் சந்தேகப்படாத விஷயங்கள் உலகத்தில் மிகக் குறைவு. அந்தக் குறைவானவற்றில் அவருடைய சொந்தக் கண்ணும் கையும் இருந்தன.

வீடியோ கேம்களுக்கு விமர்சனம் எழுதுவது அவர் தொழில். திரைச்சீலைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், நாலு மேசை போட்ட இணைய இதழ் ஒன்றின் அலுவலகம். அவருடைய மேசை மட்டும் சுவரோடு ஒட்டிக் கிடக்கும், முதுகுக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாதபடி. அங்கே அவருக்குப் பெயர் ஏழரை. பத்துக்கு ஏழரைக்கு மேல் அவர் கை நீளாது என்பது ஒரு காரணம். அவர் உள்ளே நுழைந்தால் யாருக்காவது தலைவலி கிளம்பும் என்பது இன்னொன்று. முகத்துக்கு நேராகவே அப்படி அழைத்தார்கள். பின்னால் அழைத்தால்தான் சந்தேகப்படுவார் என்று வீடியோ வெட்டி ஒட்டுகிற ‘கத்தரி’ விளக்கம் சொல்லியிருந்தார்.

கேம் கம்பெனிகள் அனுப்பும் மேல்சட்டை, சாவிக்கொத்து, பொம்மைக் கார் எதையும் அவர் தொட மாட்டார். ஒருமுறை கேக் வந்தது. எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, இந்த கேக்குக்கு மார்க் எவ்வளவு கூடும் என்று கேட்டார். அரை மார்க் கூடும் சார், க்ரீம் நன்றாக இருந்தது என்றார் கத்தரி. அவர் சிரிக்கவில்லை. அன்று மாலை கத்தரி வெட்டிய வீடியோவை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

ஆறு பாகங்கள் வந்த கார்ப் பந்தய கேம் தொடர் ஒன்றின் முதல் பாகம் வந்தபோது அவர் விமர்சகராகவே இல்லை. வேலை தேடிக்கொண்டு நண்பனின் அறையில் தங்கியிருந்தார். நண்பன் வேலைக்குக் கிளம்பியதும், ஒரு பொத்தான் உள்ளே இறங்கிப்போன கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு, மழைச் சாலையில் ஒரு சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டே இருப்பார். அதைப் பற்றி எழுதி இந்த இதழுக்கு அனுப்பினார். ஒன்பது மதிப்பெண் கொடுத்திருந்தார். அந்தக் கட்டுரைதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது.

இரண்டாம் பாகத்துக்கு ஏழரை. மூன்றாம் பாகத்தில் கார் ஓடும் விதத்தையே மாற்றியிருந்தார்கள். ‘கை பழகியதை எதற்குப் பிடுங்கினார்கள்?’ என்று எழுதி ஏழரை போட்டார். நான்காம் பாகத்தில் ‘எதுவும் மாறவில்லை’ என்று ஏழரை. ஐந்தாவதிலும் அதே குறை, அதே ஏழரை. மாறினால் துரோகம், மாறாவிட்டால் சோம்பேறித்தனம். இப்படித் தீர்ப்புச் சொல்கிறவரை நியாயவான் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அநியாயக்காரர் என்று சொல்வதும் எளிதல்ல, ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியபோது அவர் அப்படித்தான் உணர்ந்தார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிய பாகம் கைக்கு வந்தாலும் உடனே தொட மாட்டார். முந்தைய பாகத்தைச் சில நாட்கள் ஓட்டுவார். கையைச் சூடேற்றுவது என்று அதற்குப் பெயர். பழசு கையில் சூடாக இருக்கும்போது புதுசைத் தொட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்பது அவர் கணக்கு. வாசகர்கள் இதற்காகவே அவரை மதித்தார்கள்.

ஆறாம் பாகத்தில் ஒரு சிக்கல் சேர்ந்துகொண்டது. அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி, அந்தக் கம்பெனியில் கார் ஓடும் விதத்தை வடிவமைக்கும் குழுவில் இருந்தான். இதை இதழின் ஆசிரியையிடம் முதலிலேயே சொல்லி, வேறு யாரையாவது எழுதச் சொல்லிவிடலாமா என்றும் கேட்டிருந்தார். ஆசிரியை காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “உங்க நிழலையே நீங்க நம்ப மாட்டீங்க சார். மச்சினனையா நம்பிடப் போறீங்க? நீங்களே எழுதுங்க” என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்று மாமனுக்கும் மச்சினனுக்கும் எழுதாத ஒப்பந்தம். கேம் வெளியாவதற்குச் சற்று முன்பு சாப்பிட வந்தவன் அதை மீறினான். விமர்சகர்கள் கொடுக்கும் மதிப்பெண்களை எல்லாம் கூட்டி வகுத்து ஒரே எண்ணாக்கும் தளம் ஒன்று உண்டு. வெளியான அடுத்த மாதம் முதல் நாள் அந்த எண் எட்டுக்குக் கீழே இருந்தால் அவனுடைய குழுவைக் கலைத்துவிடப் போகிறார்களாம்.

“இதை ஏன்டா எங்கிட்ட சொல்ற?”

“வேற யார்கிட்ட மாமா சொல்றது? உங்ககிட்ட எதுவும் கேக்கல. சும்மா சொன்னேன்.”

சாப்பிடும்போது என்ன பேச்சு என்று மனைவி இருவருக்கும் தண்ணீர் ஊற்றினாள். அவள் வந்த நேரம் சரியாக இருந்தது. சற்று அதிகமாகவே சரியாக இருந்தது என்று அவருக்குப் பட்டது. அக்காவும் தம்பியும் ஒத்திகை பார்த்திருப்பார்களோ? அன்று முழுவதும் அவர் அந்தத் தண்ணீர் டம்ளரைப் பற்றியே யோசித்தார்.

ஆகவே ஆறாம் பாகத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார். முதல் திரையில், உங்கள் பழைய கணக்கையும் அமைப்புகளையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டது. சொந்த வீட்டுக் கதவைத் தள்ளுவதுபோல ‘ஆம்’ அழுத்தினார். பிறகு ஓட்டினார், ஓட்டினார். சாலைகள் புதிது, வானம் புதிது. கார் மட்டும் கையில் அப்படியே பழைய கார். ‘புதுப் பெயின்ட் அடித்த பழைய வீடு, வாடகை மட்டும் புதிது’ என்று எழுதினார். ஏழரை.

எட்டுக்கு மேல் நின்றிருந்த எண், அவருடைய மதிப்பெண் சேர்ந்ததும் மயிரிழை அளவு எட்டுக்குக் கீழே இறங்கியது. புதிதாக எழுத வந்த சிலர் ஒன்பது கொடுத்திருந்தார்கள், ‘இப்படி ஒரு கார் ஓட்டமா’ என்று வியந்து. எந்தக் காரை ஓட்டினார்கள் இவர்கள்? கம்பெனிக்காரர்கள் எந்த ஓட்டலில் அறை போட்டுக் கொடுத்திருப்பார்கள்? அவர் அந்தக் கட்டுரைகளைப் பென்சிலை வைத்துக்கொண்டு படித்தார். மனைவி தட்டை வழக்கம்போல வைத்தாள், வழக்கம்போல எடுத்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பகல் முழுக்க இடது காலைப் பக்கத்து இருக்கையின் பிரேக்கில் வைத்துக்கொண்டு, அறிமுகமில்லாதவர்களின் கையில் உயிரைக் கொடுத்திருப்பவள். வீட்டுக்கு வந்து இன்னொரு காரைப் பார்க்க அவளுக்கு எப்போதுமே விருப்பமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தானாக வந்து கன்ட்ரோலரை எடுத்தாள். தம்பி இத்தனை வருஷம் உட்கார்ந்து என்னதான் செய்தான் என்று பார்க்க வேண்டுமாம்.

“என் கணக்குல ஓட்டாத. புதுசா ஒரு பேர் போட்டுக்கோ” என்று அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஒரு கண் செய்தித்தாளில், ஒரு கண் திரையில்.

அவளுக்குக் கன்ட்ரோலர் பழக்கமில்லை. இரண்டு வேலிகளை இடித்தாள். மூன்றாவது வளைவில் பிரேக் போட்டபோது காரின் மூக்கு மெல்லக் குனிந்தது. ஈரத்தில் பின்பக்கம் வழுக்கியது, அவள் விட்டுப் பிடித்ததும் ஒரு முனகலோடு திரும்பி வந்தது.

“நிறுத்து. இப்ப என்ன பண்ணின?”

“பிரேக் போட்டேன். பிரேக் போட்டா வண்டி முன்னாடி குனியாதா?”

“எனக்குக் குனியலியே.”

“உங்களுக்குக் குனிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு விட்டிருக்கும்.”

செய்தித்தாளை மடித்து வைத்தார். “உன் தம்பி ஏதாவது சொல்லிக்குடுத்தானா?”

அவள் கன்ட்ரோலரை அவர் மடியில் வைத்தாள். “அவன் கூப்பிட்டாலே யாரு, என்ன, எதுக்குன்னு கேக்கறீங்க. எப்பங்க சொல்லிக்குடுப்பான்?” என்று எழுந்து உள்ளே போனாள்.

அவர் அவளுடைய பெயரிலேயே ஓட்டினார். முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். மறுபடி மோதினார். கை சூடாக இருந்தது, ஆனால் அந்தச் சூடு இந்தக் காருக்கானதல்ல. பிறகு தன் கணக்கைத் திறந்து அமைப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு வரி இருந்தது: பழைய ஓட்டமுறை. அதற்கு எதிரே ‘இயங்குகிறது’ என்று பச்சையாக ஒரு புள்ளி. அவர் அதை இயக்கவில்லை. பழைய கணக்கோடு வருகிறவர்களுக்கு அது தானாகவே இயங்கும்.

ஐந்தாம் பாகத்தை எடுத்துப் பார்த்தார். அதிலும் அந்தப் பச்சைப் புள்ளி இருந்தது. நான்காவதிலும் இருந்தது. உடனே தொலைபேசியில் மச்சினனை அழைத்தார்.

“அதுவா மாமா? நாலாம் பாகத்துலேர்ந்தே இருக்கே. மூணாவதுல வண்டியை மாத்தினதுக்குப் பழைய ஆளுங்க எல்லாம் எங்களைக் கிழிச்சாங்க. நீங்கதான் முதல்ல. உங்க கட்டுரையை அச்செடுத்து எங்க சுவத்துலயே ஒட்டியிருக்காங்க, நான் சேர்றதுக்கு முன்னாடியே. உங்களை மாதிரி ஆளுங்களுக்காக வச்ச சுவிட்ச் அது.”

“அதுல ஓட்டினா புது வண்டியே கண்ணுல படாதுன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா சிபாரிசுன்னு சொல்லியிருப்பீங்க மாமா.”

சொல்லியிருப்பார்தான்.

இதுபோன்ற பிழை புதிதாக வந்தவனுக்கு நேராது. முதல் நாளிலிருந்து உடன் வந்து, எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்து வைத்தவனுக்குத்தான் நேரும். மூன்று பாகங்களாக அவர் தான் கேட்டு வாங்கிய காரையே ஓட்டிவிட்டு, ஏன் மாறவில்லை என்று திட்டியிருக்கிறார். அவரைக் கவிழ்க்க யாரும் சதி செய்யவில்லை. சதி இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து முதல் பாகத்தை எடுத்துப் போட்டார். புதிய பெயர் கொடுத்துத் தொடங்கினார். மழைச் சாலை, சிவப்புக் கார். கொஞ்ச தூரம் போனார். காரை ஓரமாக நிறுத்தி, மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த ஐந்தையும் இதற்குப் போட்ட ஒன்பதை வைத்துத்தான் அளந்தோம் என்று அவருக்குப் பட்டது. பிறகு அணைத்துவிட்டார். நன்றாக இருந்ததா என்று அவள் கேட்டாள். அவர் துணியில் ஒரு முனையைப் பிடித்து மடிக்க உதவினார்.

மறுநாள் அலுவலகத்தில் ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னார். மாதம் முடிய இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. ஆசிரியைக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

“புதுசா ஓட்டிப் பாத்துட்டீங்க. உங்களுக்கு இப்ப எவ்வளவு தோணுதோ அதைப் போடுங்க. முடிஞ்சுது.”

“இப்ப எனக்குத் தோணறது காரைப் பாத்தா, மச்சினனைப் பாத்தான்னு எப்படி மேடம் சொல்றது?”

“அப்ப ஏழரையே இருக்கட்டும்.”

“அது நான் ஓட்டாத வண்டிக்குக் குடுத்தது.”

பக்கத்து மேசையிலிருந்து கத்தரி, கூட்டினால் மச்சினனுக்காக என்பார்கள், விட்டால் பிழையை மறைக்க என்பார்கள், எப்படிப் போனாலும் சாருக்கு ஏழரைதான் என்றார். யாரும் சிரிக்கவில்லை. கத்தரியே கொஞ்சம் வருந்தியவர்போலத் திரும்பிக்கொண்டார்.

ஆசிரியை, என்ன செய்தாலும் சரி, நீங்களே செய்துவிட்டுப் போங்கள் என்று இதழின் தளத்தைத் திறந்து கணினியை அவர் பக்கம் திருப்பிவைத்தார். அவர் உட்கார்ந்து நிதானமாக எழுதினார். பச்சைப் புள்ளியைப் பற்றி எழுதினார். நான்காம், ஐந்தாம் பாகங்களையும் அப்படித்தான் ஓட்டினேன் என்று எழுதினார். இந்தக் காரை வடிவமைத்தவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி என்று எழுதினார். பிறகு ஆறாம் பாகத்தின் ஏழரையை அழித்தார். அந்த இடத்தில் வேறு எண் எதுவும் போடவில்லை.

அவருடைய எண் கணக்கிலிருந்து போனதும் கூட்டு மதிப்பெண் மறுபடி எட்டைத் தொட்டு நின்றது. மச்சினனின் குழு கலையவில்லை. எதிர்பார்த்தபடியே வாசகர்கள் எழுதினார்கள்: எவ்வளவு சாமர்த்தியம், மார்க் போடாமலே மச்சினனைக் கரையேற்றிவிட்டார் பாருங்கள். இத்தனை காலம் மற்றவர்களைப் பற்றி அவர் எழுதியதைப் போலவே இருந்தது அந்த நடை. அவர் எல்லாவற்றையும் பென்சில் இல்லாமல் படித்தார்.

ஆனால் ஏழரையை அழித்த அன்று அவர் உடனே எழுந்துவிடவில்லை. ஆசிரியை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பக்கத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு எல்லாவற்றையும் தொடாமல் கடந்து, முதல் பாகத்தைப் பற்றிய அந்தப் பழைய கட்டுரையைத் திறந்தார். ஒரு வரியையும் மாற்றவில்லை. அடியில் இருந்த ஒன்பதை மட்டும் அழித்துச் சேமித்தார்.

“அது எதுக்கு சார்? அதுல என்ன தப்பு?” என்று ஆசிரியை கேட்டார்.

அவர் நாற்காலியைத் தள்ளி வைத்தார். மாடிப்படியில் இறங்கிப் போனார். வீட்டில் மனைவியும் ஒருநாள் கேட்டாள், மச்சினனும் கேட்டான். இருவரிடமும் அவர் பேச்சை மாற்றினார். நடுவில் நாலு ஏழரைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. முதல் பாகத்தின் அடியில் ஒன்றுமில்லை.