விதைக்கடைக்கு ஓர் ஆண்பிள்ளை

கொழும்பில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு கண்டிக்குத் திரும்பியபோது எனக்கு ஒரே ஆசைதான்: விதைக்கடை போடவேண்டும். மலைநாட்டில் எல்லாரும் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி போடுகிறார்கள். முளைக்காத விதையை வாங்கிவிட்டுத் தலையில் கைவைக்கிறார்கள். நானோ ஒவ்வொரு டின்னிலும் ஒரு சிட்டிகை எடுத்து, ஈரத்துணியில் முளைக்கவைத்துப் பார்த்த பிறகுதான் விற்பேன். இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார்.

"பொம்பிளைப்பிள்ளை கடையில நிண்டால் ஆர் வருவினம், பிள்ளை? தம்பியையும் கொண்டுபோய் இருத்து. அப்பத்தான் கடை எடுத்துத் தருவன்."

தம்பியும் பட்டதாரிதான். லத்தீன் படித்தவன். அவனுக்குக் கடை என்றாலே வேப்பங்காய். அரசாங்க உத்தியோகம் கிடைக்கும்வரை எங்கேயாவது உட்காரவேண்டும், அவ்வளவுதான். ஆசைப்பட்டவள் நான், கதிரை அவனுக்கு! கடை திறந்த அன்றே அதில் சாய்ந்து பத்திரிகையை விரித்துவிட்டான்.

ஹேவாஹெட்டத் தோட்டமொன்றிலிருந்து ஒரு கங்காணி வருவார். நிற்பது என் முன்னால். கேட்பது என்னைத் தாண்டி அவனை.

"முதலாளி, இந்தக் கோவா வெதைய எம்புட்டு ஆழத்துல போடணுங்க?"

தம்பி என்னைப் பார்ப்பான். "கால் அங்குலம்" என்பேன். "கால் அங்குலம்" என்பான் அவன்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்!" என்று கங்காணி அவனுக்குத் தலையாட்டுவார்.

அட கடவுளே! ஒருநாள், இரண்டு நாளா? ஒன்றரை வருஷம் இந்தக் கூத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் விதை முளைத்தது, வாங்கினவர்கள் திரும்பவும் வந்தார்கள், கடை நன்றாகவே ஓடியது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு தம்பிக்குக் கொழும்பில் உத்தியோகம் கிடைத்துக் கடிதம் வந்தது. அப்பா அயலுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். அதே கையோடு என்னைக் கூப்பிட்டு, "தம்பி போறான். இனிக் கடையைப் பூட்டுவம். நீ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கப் போ" என்றார்.

நான் என்ன சொன்னாலும் அப்பா கேட்கமாட்டார். தம்பி சொன்னால் கேட்பார். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

"கடையை நடத்தினது நான்தான் எண்டு அப்பாவிட்டை ஒரு வார்த்தை சொல்லடா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் யோசித்தான்.

"சொல்லலாம் அக்கா. ஆனால் வாற ஆக்கள் ஏதும் விசயம் கேட்டால், நானில்லாமல் ஆர் பதில் சொல்லுறது?"

பகிடி விடுகிறானாக்கும் என்று முகத்தைப் பார்த்தேன். பாவி, உண்மையிலேயே எனக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தான்.