சார்ஜ் கொடுக்கப் போனவர்

“உங்க போன்ல சார்ஜ் சுத்தமா எறங்கிப்போச்சுங்கம்மா” என்றாள் மகள். இத்தனை வயதிலும் அந்தச் சொல்லைக் கேட்டால் என் கை தலையை மறைக்கப் போகிறது.

வெள்ளைக்காரன் காலம். அப்பா சூரமங்கலத்தில் ரயில்வே கேட்காரர். எங்கள் வீட்டில் சார்ஜ் என்றால் ஒன்றுதான்: வேலை முடிந்ததும் அடுத்த ஆளிடம் சாவியையும் கொடியையும் ஒப்படைப்பது. எனக்கு ஏழு வயது. அன்று மதியம் நான் அவருக்குச் சோறு கொண்டுபோனபோது கதர்ச்சட்டைக்காரர்கள் தண்டவாளத்தை மறித்து உட்கார்ந்திருந்தார்கள். குதிரைமேல் இருந்த போலீஸ் துரை தடியடிக்கு உத்தரவாக “சார்ஜ்” என்று கத்தினான். கூட்டம் சிதறி ஓடியது. கேட்டை ஒப்படைக்கச் சொல்கிறார் என்று நினைத்த அப்பா மட்டும், சாவியையும் கொடியையும் நீட்டியபடி போலீசை நோக்கி ஓடினார்.

முதல் அடியில் மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி மண்டையில். விழுந்த பிறகும் அடித்தார்கள். “கேட்டவொடனே குடுக்கத்தானுங்க வந்தேன்” என்று, ரத்தத்தில் கிடந்தபடி பூட்ஸ் கால்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உயிர் பிழைத்தார், கை விளங்கவில்லை. கலகம் செய்ததாக அவர்மேல் வழக்கும் போட்டார்கள். அதற்கும் சார்ஜ் என்றுதான் பெயர் என்றார் வக்கீல் குமாஸ்தா. அப்பா அவரிடம் கேட்டார்.

“அத யாருகிட்டங்க குடுக்கோணும்?”

மகள் ஒயரைக் கையில் எடுத்தாள். “சார்ஜ் போடட்டுங்களா?”

“வேண்டாஞ் சாமி. செத்தே கெடக்கட்டும்.”