காசில்லாத வீட்டின் காசுப் புத்தகங்கள்

யாழ்ப்பாணத் தீவொன்றில் இருக்கும் எங்கள் சரவணை ஊரில் பழைய காசுகளைப் பற்றிப் புத்தகம் சேர்ப்பவள் பக்கத்து வீட்டுப் பிரியவதனி ஒருத்திதான். தபாற்கந்தோரில் வேலை. நாற்பத்தைந்து வயது, கலியாணம் கட்டவில்லை, தனிய இருக்கிறாள். அவளின் அப்பர் புகையிலைத் தோட்டம் கொத்தும்போது ஒரு செப்புக்காசு அகப்பட்டது. அதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டார்கள். அது எந்த ராசாவின் காசு என்று தெரியாமலே மனுசன் செத்துப்போனார். அந்தக் கேள்வி இவளின் தலைக்குள் புகுந்துகொண்டது.

கொழும்புப் பழைய புத்தகக் கடையில் ஒன்று, கனடாவிலிருந்து தம்பி அனுப்பியது ஒன்று என்று வாங்கி வாங்கி அலுமாரி நிறைந்துவிட்டது. நந்திக் காசு, ஒல்லாந்தர் காசு, எல்லாவற்றுக்கும் படத்தோடு புத்தகம். அப்பரின் காசு மட்டும் ஒன்றிலும் இல்லை. "விசர்ப் பிள்ளை, உந்தப் புத்தகம் வாங்கிற காசுக்கு ஒரு சங்கிலி செய்து போடுமன்" என்று நான் ஏசாத நாளில்லை.

போன நவராத்திரிக்குத்தான் வினை வந்தது. புத்தகங்களைச் சரஸ்வதி பூசைக் கும்பத்துக்கு முன்னால் வைத்தால், விஜயதசமி காலையில் எடுக்கும்வரை தொடக்கூடாது. இந்த மகராசி அலுமாரியையே வெறுமையாக்கி, அத்தனையையும் முன்னறையில் வெள்ளைத் துணி விரித்து அடுக்கிவிட்டாள். மேலே இருந்த புத்தகத்தின் அட்டை முழுக்கத் தங்கக் காசுப் படம். பூசைக் கடலை வாங்க வந்த சனம் பார்த்தது. பொழுதுபடுவதற்குள் அவளுக்குப் புதையல் கிடைத்த கதை தீவெல்லாம் பரவிவிட்டது.

விடிந்து பார்த்தால் தோட்டத்தில், அப்பருக்குக் காசு அகப்பட்ட இடத்தில், இடுப்பளவு குழி. பொலிஸ் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு போனது.

"புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வாரும். என்ரை அரிசிப் பெட்டிக்குள்ள ஒளிப்பம்" என்றேன்.

"ஏலாது அக்கா. விஜயதசமிக்கு முதல் தொடக்கூடாது."

"உயிர் போனாப் பிறகு ஆர் தொடுறது?"

"பயமாத்தான் கிடக்கு. ஆனா எங்கட வீட்டில ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை."

அன்று பின்னேரமே, நான் அவள் வீட்டில் இருக்கும்போது, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். ஊரில் காணாத முகங்கள். ஒருவனின் இடுப்பில் கத்தி. செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே ஏறினார்கள். கொள்ளையில போவாங்களுக்கு என்ன மரியாதை! நான் பிரியவதனிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"காசு எங்கை?" என்றான் கத்திக்காரன்.

"என்னட்டை ஒரு காசும் இல்லை. புத்தகந்தான்" என்றாள் பிரியவதனி.

"அப்ப புதையல் கிடக்கிற இடம் புத்தகத்தில இருக்கும்."

குனிந்து கையை நீட்டினான்.

"கும்பம் வைச்சிருக்கு, தொடாதை!" என்று கத்தினாள்.

அந்தக் கை அப்படியே நின்றது. கும்பத்தைப் பார்த்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"எப்ப எடுப்பாய்?"

"விஜயதசமி காலமை."

"சரி. எடுத்த பிறகு வாறம். புத்தகத்தோடை நீயும் வந்து இடத்தைக் காட்டு."

அவர்கள் போனபின் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

விஜயதசமியன்று ஊரெல்லாம் பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து வாசித்தார்கள். பிரியவதனியும் கையை நீட்டினாள். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கையை இழுத்துக்கொண்டாள். அவர்கள் வாசற் படலையில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கும்பமும் புத்தகங்களும் வைத்தது வைத்தபடியே இருந்தன. போய்விட்டார்கள்.

தைப்பொங்கலும் போய்விட்டது. அவள் வீட்டில் சரஸ்வதி பூசை இன்னும் முடியவில்லை. கும்பத்து மாவிலையைக் காயக் காய மாற்றுகிறாள். அந்த மோட்டார் சைக்கிள் இடைக்கிடை வந்து படலையடியில் மெதுவாகும். பிறகு போய்விடும்.

நேற்றுத் தம்பியிடமிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. பார்சலைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கும்பத்துக்கு முன்னால் வைத்தாள்.

"அப்பரின்ரை காசு இதில இருக்காம் அக்கா" என்றாள். "எந்த ராசாவெண்டு சொல்லாதை, நானே பாக்கிறன் எண்டு தம்பிக்குச் சொன்னனான்."